என்ஜின்எக்ஸ் மாட்யூல் எழுத ஆள் வைத்தது: மூன்று வருட அனுபவம்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "உங்க சர்வருக்கு மாட்யூல் எழுதினாரே, அந்த டெவலப்பர் எப்படி? எங்களுக்கும் ஒண்ணு வேணும்." சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. முந்தைய இரவுதான் எங்கள் சர்வர் மூன்று மணி நேரம் எழாமல் கிடந்தது.

நாங்கள் பயன்படுத்தும் வெப் சர்வர் மென்பொருள் என்ஜின்எக்ஸ்; மாட்யூல் என்பது அதில் கூடுதல் வசதி சேர்க்கும் நிரல். முதலில் அந்த டெவலப்பர் செய்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வாடிக்கையாளரும் எவ்வளவு டவுன்லோட் செய்கிறார் என்று எண்ணி, அளவு தாண்டினால் தடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸைப் பார்த்துவிடலாம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒரே வொர்க்கர் (என்ஜின்எக்ஸில் வேலையைச் செய்யும் புராசஸ்) ஏகப்பட்ட இணைப்புகளைக் கவனிக்கிறது, அது டேட்டாபேஸ் பதிலுக்காக நின்றால் அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான் என்றார். கணக்கை எல்லா வொர்க்கருக்கும் பொதுவான ஷேர்டு மெமரியில் வைத்தார். ரீலோட் செய்தால் (அமைப்புகளை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னால்) அது அழியாது, ரீஸ்டார்ட் ஆனால் போய்விடும் என்பதால் நிமிடத்துக்கு ஒரு முறை கோப்பிலும் எழுத வைத்தார். இத்தனை நாளில் எரர் லாகில் சிக்னல் 11, அதாவது தப்பான மெமரியைத் தொட்டு வொர்க்கர் விழுந்தது என்று ஒரு வரி வந்ததில்லை. சி மொழியில் ஒரு பாயின்டர் (மெமரி முகவரி) தப்பினால் வொர்க்கரே விழுந்துவிடும். அதை நினைத்தால் இது பெரிய விஷயம்.

இனி என் கோபம். அவர் கொடுத்தது சோர்ஸ் கோடும், தன் கணினியில் அதைக் கம்பைல் செய்த, அதாவது சர்வர் ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றிய ஒரு கோப்பும் மட்டும். எப்படிக் கம்பைல் செய்தார் என்று ஒரு வரி இல்லை. என்ஜின்எக்ஸ் 1.9.11 பதிப்பிலிருந்து மாட்யூலைத் தனிக் கோப்பாக ஏற்றிக்கொள்ளலாம், உண்மைதான். ஆனால் எந்தப் பதிப்புக்குக் கம்பைல் செய்தோமோ அதில் மட்டும்தான் அது ஏறும். கம்பைல் செய்யும்போது 'வித் காம்பாட்' என்ற ஆப்ஷனைப் போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். கம்பைல் ஆப்ஷன்கள் வேறுபட்டால்தான் அது உதவும், பதிப்பு மாறினால் உதவாது.

அன்று பாதுகாப்பு அப்டேட் வந்தது, போட்டேன். பழைய புராசஸ் ஓடிக்கொண்டே இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. இரவு மெஷினை ரீபூட் செய்ததும் குட்டு வெளிப்பட்டது. லாகில் ஒரே வரி: மாட்யூலின் பதிப்பு 1022001 (அதாவது 1.22.1), இருக்க வேண்டியது 1024000 (1.24.0). அவர் போனை எடுக்கவில்லை. நள்ளிரவில் எடுத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. நானே சோர்ஸைப் பிரித்து, எந்த ஆப்ஷன் என்று தேடித் தேடிக் கம்பைல் செய்து முடித்தபோது விடியத் தொடங்கியிருந்தது. காலையில் அவரே கூப்பிட்டு, பதறிப்போய், கம்பைல் வேலையைத் தானாகச் செய்யும் பில்ட் ஸ்கிரிப்ட் எழுதி அனுப்பினார். காசு கேட்கவில்லை. நல்ல மனுஷன். ஆனால் அந்த இருபது வரி ஸ்கிரிப்ட் மூன்று வருடம் முன்பே என் கையில் இருந்திருக்க வேண்டும்.

நண்பரிடம் வேண்டாம் என்றே சொன்னேன். ஓப்பன்ரெஸ்டியில் (லுவா மொழியில் கோடு எழுத வசதி சேர்த்த என்ஜின்எக்ஸ்) லுவா எழுதிப் பாருங்கள், அப்டேட்டுக்கு அப்டேட் உங்கள் கோடைக் கம்பைல் செய்யும் தொல்லை இல்லை என்றேன். மாட்யூல்தான் வேண்டும் என்றால், கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் அடுத்த பதிப்புக்கு உங்கள் சர்வரிலேயே, உங்கள் கண்முன்னே கம்பைல் செய்து காட்டச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன்.

எல்லாம் கேட்டுவிட்டு நண்பர் அந்த டெவலப்பரின் நம்பரைத்தான் கேட்டார். கொடுத்தேன். இன்று காலை இன்னொரு அப்டேட் வந்திருக்கிறது. ஸ்கிரிப்ட் கையில் இருந்தும், இன்னும் போடாமல் வைத்திருக்கிறேன்.