பினாங்கில் பள்ளி விடுமுறை: மாலா, நூலகமா, யூத் பார்க்கா?

2026 முதல் பள்ளித் தவணை மறுபடியும் ஜனவரியில் தொடங்குவதால், நீண்ட விடுமுறை பழையபடி டிசம்பருக்கே வந்துவிட்டது. பினாங்குக்காரர்களுக்கு இது நல்ல சேதி. இங்கே மழை கொட்டித் தீர்ப்பது பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில்தான். டிசம்பர் பிறந்தால் வானம் வெளுக்கத் தொடங்கிவிடும். பிள்ளைகளை வெளியே அழைத்துப்போக இதைவிடத் தோதான காலம் கிடையாது.

எங்கே அழைத்துப்போவது என்பதுதான் கேள்வி. எங்கள் வீட்டில் பத்து வயதில் மகன், ஏழு வயதில் மகள். கையைக் கடிக்காமல் விடுமுறையை ஓட்ட மூன்று வழிகளைப் பார்த்தோம்: மாலுக்குள் இருக்கும் உள்ளரங்க விளையாட்டுக்கூடம், கிரீன்லேன் டிஜிட்டல் நூலகம், யூத் பார்க்கும் அதிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் பொட்டானிக் கார்டனும். கடைசியில் மூன்றாவதைத்தான் பிடித்துக்கொண்டோம். மற்ற இரண்டையும் தள்ளிவிடச் சொல்லவில்லை. எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மால் கூடத்தின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். குளுகுளு காற்று, மழை பயம் இல்லை, பந்துக் குளம், சறுக்கு, ஏறிக் குதிக்க வலை. நான்கு வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால், வெளியே கொளுத்துகிற வெயிலில் தூக்கிக்கொண்டு அலைவதைவிட இது மேல் என்றே சொல்வேன். பிறந்தநாளுக்கும் நன்றாக இருக்கும். ஆனால் காசு? நாங்கள் போன இடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பிள்ளைக்கு 35 வெள்ளி. கூட நிற்கும் பெரியவருக்குத் தனிக் கட்டணம். வழுக்காத காலுறை இல்லையென்றால் அதையும் அங்கேயே வாங்க வேண்டும். இரண்டு மணி நேரம் முடிந்து வெளியே வந்தால் பொம்மைக் கடைகளைத் தாண்டித்தான் லிஃப்டுக்குப் போக வேண்டும்.

டிஜிட்டல் நூலகம் 2016-இல் திறந்தது. ஜாலான் மஸ்ஜித் நெகிரியில், 1816-இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இலவசம், 24 மணி நேரமும் திறந்திருக்கும், ஏர்கான் உண்டு. திரையில் படிக்கும் நூலகம் இது. என் மகனுக்கு அது பிடித்துவிட்டது, தானாக ஒரு மூலையைப் பிடித்து உட்கார்ந்துகொள்வான். மகளுக்கு முக்கால் மணி நேரம் போனதும் கால் தரையில் நிற்காது. அவள் ஓடுவதையும் குரல் உயர்த்துவதையும் அடக்கிக்கொண்டே நான் உட்கார்ந்திருந்தால், அருகில் படிக்கிறவர்களுக்கும் நிம்மதி இல்லை, எனக்கும் இல்லை. தவிர, வீட்டில் கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிட்டு இங்கே வந்து மறுபடியும் திரை முன்னால் உட்காரவைப்பது எனக்கு மனம் ஒப்பவில்லை. இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கணக்கு வேறாக இருக்கலாம். பரீட்சைக்குப் படிக்கிற வயதுக்கு இதுவே முதல் இடமாகவும் இருக்கலாம். எங்கள் பிள்ளைகள் இன்னும் அந்த வயதுக்கு வரவில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

இனி எங்கள் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். அது சாப்பாடு.

வாசலில் கொடுக்கிற டிக்கெட் காசை எல்லோரும் எண்ணிப் பார்க்கிறோம். வாய்க்குப் போகிற காசு அந்தக் கணக்கில் வருவதே இல்லை. நான்கு பேர் மாலில் உட்கார்ந்து சாப்பிட்டால், கோழிச்சோறோ மீ கோரெங்கோ, ஆளுக்கொரு தண்ணியும் சேர்ந்து 60 வெள்ளி சாதாரணமாகப் போய்விடும். பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்டால் 70-ஐத் தாண்டும். வாரத்துக்கு இரண்டு நாள் வெளியே போகிறோம் என்று வையுங்கள். நான்கு வார விடுமுறையில் எட்டு நாள். சாப்பாட்டுக்கு மட்டும் 480 வெள்ளி. நுழைவுக் கட்டணத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை. அதே எட்டு நாளும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனால், ஒரு நாளைக்கு 15 வெள்ளி வைத்தாலும் 120-இல் முடிந்துவிடும். 360 வெள்ளி மிச்சம். ஜனவரியில் பள்ளிச் சீருடையும் கறுப்புக் காலணியும் வாங்குகிற வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை.

ஆகவே ஓர் இடத்துக்குக் கட்டணம் உண்டா என்று கேட்பதற்கு முன், அங்கே நம் சாப்பாட்டை எடுத்துப்போய் உட்கார்ந்து சாப்பிட முடியுமா என்று கேட்கிறேன். விளையாட்டுக்கூடத்தில் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. நூலகத்துக்குள் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்க முடியாது. இலவச நூலகத்துக்குப் போய்விட்டு, பசி வந்ததும் வெளியே கடையில் 50 வெள்ளி கொடுத்தால் அது எப்படி இலவசமாகும்? யூத் பார்க்கில் மர நிழலில் பாயை விரித்தால் போதும், யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

இன்னொன்று, பிள்ளைகள் தண்ணீரில் ஊறினால் பசி இரட்டிப்பாகும். யூத் பார்க்கின் ஆழமில்லாத குளங்களில் ஒரு மணி நேரம் குதித்துவிட்டு வரும் பிள்ளை, வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்கிற சாப்பாட்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிடும். நான் கட்டிக்கொண்டு போவது பெரும்பாலும் புளிச்சோறு, அவித்த முட்டை, வெங்காயம் பிசைந்த சார்டின் ரொட்டி, வெட்டின கொய்யா. முதல் நாள் இரவே புளிக்காய்ச்சலை இறக்கி வைத்துவிட்டால் காலையில் கிளறினால் போதும். தேங்காய்ப்பால் சேர்ந்த நாசி லெமாக்கை இந்த வெயிலில் கட்ட மாட்டேன், பதினொரு மணிக்கெல்லாம் நொந்துபோகும். தண்ணீர் போத்தலைப் பாதி நிரப்பி ஐஸ்பெட்டியில் படுக்க வைத்து, காலையில் மீதியை ஊற்றினால் மதியம் வரை சில்லென்று இருக்கும்.

யூத் பார்க் 1972-இல் திறந்தது. இப்போதைய பெயர் வேறு என்றாலும் யூத் பார்க் என்றால்தான் நம்மவர்களுக்குத் தெரியும். நுழைவுக் கட்டணம் இல்லை. குளங்களைத் தவிர ஸ்கேட்டிங் தளம், ஊஞ்சல்கள், வண்ணம் அடித்துத் தள்ளியிருக்கும் சுவர்கள், மலைப்பக்கம் ஏறுகிற பாதைகள் எல்லாம் இருக்கின்றன. சுத்தம் செய்வதற்காகக் குளத்தில் தண்ணீரை வடித்துவிடும் நாளும் உண்டு. நீச்சல் உடையோடு கிளம்பிய பிள்ளையைக் காய்ந்த குளத்தின் முன்னால் நிறுத்தாமல் இருக்க, முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நாங்கள் காலையில் முதலில் போவது பொட்டானிக் கார்டனுக்கு. விடியற்காலை 5 மணிக்கே திறந்துவிடுகிறார்கள். அதற்கும் கட்டணம் இல்லை. கருங்கல் உடைத்துக்கொண்டிருந்த பழைய இடத்தில் 1884-இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்பவரின் பொறுப்பில் உருவான தோட்டம் அது. மலையடிவாரம் என்பதால் எட்டு மணி வரை வெயில் உறைக்காது.

பிள்ளைகளுக்கு அங்கே முதல் ஈர்ப்பு நாகலிங்க மரம். பூ கிளை நுனியில் வருவதில்லை. அடிமரத்திலிருந்தே கயிறுகயிறாகத் தண்டு தொங்கி, அதில் பூக்கிறது. பறிக்கக் கூடாது, கீழே விழுந்ததை எடுத்துப் பார்க்கலாம். ஆறு தடித்த இதழ்கள், உள்பக்கம் சிவப்பு. நடுவில் பாம்புப் படம் போல வளைந்த குடையை மெல்லத் தூக்கினால், அடியில் வட்டமாக இழைகளும் மையத்தில் லிங்கம் போன்ற குமிழும் தெரியும். என் மகள் ஒவ்வொரு பூவாக எடுத்துக் குடையைத் தூக்கிப் பார்ப்பாள், எல்லாவற்றுக்குள்ளும் சாமி இருக்கிறதா என்று. சிவன் கோயில் மரம் என்று நாம் கும்பிடுகிற இந்த மரத்தின் பிறப்பிடம் தென் அமெரிக்கா என்று சொன்னபோது மகன் நம்பவே இல்லை. வீட்டுக்கு வந்து உலகப் படத்தை விரித்து எங்கே என்று தேடினான். காய் தேங்காய் அளவுக்குத் திரண்டு, கனமாக விழும். அதனால் மரத்தின் நேர்கீழே நிற்க விடாதீர்கள்.

அடுத்தது குரங்குகள். இரண்டு வகை உண்டு, இரண்டின் குணமும் வேறு. நீண்ட வாலுள்ள பழுப்புக் குரங்கு தரையில் திரியும், மனிதர் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமிட்ட சாம்பல் நிற லோத்தோங் மரத்தில்தான் இருக்கும். அதன் முக்கியத் தீனி இலை, நம் பையைச் சட்டை செய்யாது. அதன் குட்டி பிறக்கும்போது பளீரென்ற ஆரஞ்சு நிறம், சில மாதங்களில் தாயின் நிறத்துக்கு மாறிவிடும். இதனால்தான் ஒவ்வொரு தடவையும் போகும்போது பிள்ளைகளுக்குப் புதிதாக ஒன்று இருக்கிறது. போன வாரம் மார்போடு ஒட்டிக்கிடந்த குட்டி இந்த வாரம் தனியாகக் கிளை பிடிக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பார்கள். மால் கூடத்தில் பந்தும் சறுக்கும் முதல் நாள் எப்படியோ ஐந்தாம் நாளும் அப்படித்தான். பிள்ளையின் ஆர்வம் குறைந்துகொண்டே போகும், கட்டணம் மட்டும் குறையாது. இங்கே ஒரு பள்ளி நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கையில் இருந்தால் போதும். பார்த்த பறவை, பூச்சி, பூ எல்லாம் படமாக ஏறுகிறது.

சாப்பாட்டை மட்டும் இந்தத் தோட்டத்தில் பையிலிருந்து வெளியே எடுக்கவே கூடாது. பிளாஸ்டிக் பை சரசரத்தாலே பழுப்புக் குரங்குக்குத் தீனி என்று தெரியும், ஓடி வந்து பிடுங்கும். காடியில் வந்தால் சாப்பாட்டைக் காடியிலேயே விட்டுவிடுங்கள். பஸ்ஸில் வந்தால் ஜிப் போட்ட முதுகுப்பைக்குள் அடியில் வையுங்கள். பிள்ளைகள் அதன் கண்ணை உற்றுப் பார்க்காமல், பல்லைக் காட்டிச் சிரிக்காமல் இருக்கப் பழக்குங்கள். குரங்குக்குத் தீனி போடுவதற்குத் தடையும் அபராதமும் உண்டு. தீனி கொடுத்துப் பழக்கியதால்தான் அவை இப்படிப் பிடுங்குகின்றன என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

ஆகவே ஒழுங்கு இப்படி: ஏழரைக்குத் தோட்டம், ஒன்பதரைக்கு மேல் யூத் பார்க் குளம், பதினொன்றரைக்குச் சாப்பாடு, ஒரு மணிக்குள் வீடு. மதியம் பிள்ளைகள் தாமாகவே தூங்கிவிடுகிறார்கள். அந்த இரண்டு மணி நேர அமைதிக்கு விலை போட என்னால் முடியாது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கொசு உண்டு. டெங்கி நடமாடுகிற நாட்டில் இதை அலட்சியமாக விடக் கூடாது, கைகாலுக்குக் கொசு மருந்து தடவித்தான் இறக்குவேன். மழை பெய்த மறுநாள் மலைப்பாதையில் அட்டை ஒட்டும். இடி கேட்டால் குளத்திலிருந்து உடனே ஏற்றிவிட வேண்டும். குளம் ஆழமில்லை என்று கைப்பேசியில் மூழ்கிவிடவும் கூடாது, கண் பிள்ளைகள் மேலேயே இருக்க வேண்டும். ஆக, பெரியவருக்கு இது ஓய்வு நாள் இல்லை. மாலில் ஓரமாக உட்கார்ந்து ஒரு காப்பி குடிக்கிற சுகம் இங்கே கிடையாது. தனியாக இரண்டு பிள்ளைகளை, அதில் ஒன்று கைக்குழந்தையாக இருந்தால், சமாளிப்பது கடினம். பாட்டியோ அத்தையோ கூட வந்தால் நல்லது. வார இறுதியில் காடி நிறுத்த இடம் தேடியே வேர்த்துவிடும். வார நாளில் லீவு எடுக்க முடிந்தால் அப்போதே போங்கள்.

வழியில் இருக்கும் தண்ணீர்மலை முருகன் கோயிலையும் மறந்துவிட வேண்டாம். 513 படி. தைப்பூசத்தன்று கூட்டத்தில் தோளில் ஏறிப் போன பிள்ளை, சாதாரண நாளில் தன் காலால் எண்ணி ஏறும்போது அது தனி அனுபவம். வெயில் ஏறுவதற்கு முன் ஏறி இறங்கிவிட வேண்டும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்மேனியன் ஸ்ட்ரீட் பக்கம் 2012-இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் ஓவியமும் மற்ற சுவரோவியங்களும் இலவசம், ஊருக்குள் சுற்ற இலவச கேட் பஸ்ஸும் இருக்கிறது. ஒரு காலைக்குப் போதும், இரண்டாம் தடவைக்குப் பிள்ளைகள் வர மாட்டார்கள். பினாங்கு ஹில் ரயில் அருமைதான், ஆனால் குடும்பமாக ஏறினால் மலிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. பத்து பெரிங்கி கடற்கரைக்குக் கட்டணம் இல்லை, சாப்பாடும் எடுத்துப்போகலாம். ஆனால் ஜெல்லிமீன் பயத்தால் நான் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்குவதில்லை. கோயில்களும் சங்கங்களும் நடத்துகிற விடுமுறை முகாம்களுக்கு எங்கள் பிள்ளைகளை இதுவரை அனுப்பியதில்லை, அனுப்பியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டர்வொர்த், பிறை பக்கம் இருப்பவர்களுக்குப் பாலத்தைச் சுற்றி வருவதைவிட ஃபெரி நல்லது. 2023 ஆகஸ்டிலிருந்து புதுப் படகுகள் ஓடுகின்றன, கடக்கக் கால் மணி நேரம் போதும். பிள்ளைகளுக்கு அதுவே பாதி விளையாட்டு. ஜெட்டியில் இறங்கி 10-ஆம் எண் ரேபிட் பஸ்ஸைப் பிடித்தால் கொம்தார் வழியாகத் தோட்டத்து வாசலில் கொண்டுபோய் விடும். அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க நேரிடலாம் என்பதால், ஏழு மணிக்கு முன்னதாகவே ஃபெரி ஏறிவிடுங்கள். மாற்று உடையை ஒரு பையிலும் சாப்பாட்டை இன்னொரு பையிலும் தனித்தனியாக வையுங்கள், ஈரத்துணி சார்டின் ரொட்டியோடு சேரக் கூடாது.