தையல் மெஷினைப் பரணில் ஏற்ற: ஏணியா, கப்பியா, செயின் பிளாக்கா?

பினாங்கில் பல வீடுகளில் பாட்டி காலத்து சிங்கர் மெஷின் ஒன்று மூலையில் கிடக்கும். தைக்க ஆளில்லை, விற்க மனசில்லை. கடைசியில் சிலிங்குக்கு மேலே போட்டுவிடலாம் என்று முடிவாகும். வார்ப்பிரும்புக் காலோடு சேர்த்தால் 40 கிலோவைத் தொடும். சிலிங் திறப்போ பெரும்பாலும் இரண்டடிக்கு இரண்டடிதான்.

ஏணியில் ஒருவர், மேலே ஒருவர், "தம்பி, இன்னும் கொஞ்சம் தூக்குப்பா" என்கிற வழியை நான் எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிடுவேன். தோளுக்கு மேலே தூக்குவதென்றால், உடலை ஒட்டிப் பிடித்தாலே ஆண்களுக்கு 10 கிலோ, கை நீட்டினால் 5 கிலோ என்கிறது நம் நாட்டுத் தொழிலிடப் பாதுகாப்பு இலாகாவின் 2017 வழிகாட்டி. ஏணியில் நிற்பவருக்கு அதுவே அதிகம்.

அடுத்து எல்லோருக்கும் தோன்றுவது கயிறும் ஒற்றைக் கப்பியும். மலிவுதான், ஆனால் உத்திரத்தில் மாட்டிய ஒற்றைக் கப்பி இழுக்கும் திசையை மாற்றுமே தவிர பாரத்தைக் குறைக்காது. 40 கிலோவுக்கு 40 கிலோ இழுப்பு. இரண்டும் சேர்ந்து உத்திரத்தின் தலையில் 80 கிலோ. பலர் கணக்கில் விடுவது இதைத்தான். மேலும் கீழும் இரட்டைக் கப்பி போட்டு நாலு இழையாக்கினால் இழுப்பு 10 கிலோவுக்குச் சற்று மேல், உத்திரத்துக்கு 50 சொச்சம். ஒரு மீட்டர் ஏற நாலு மீட்டர் கயிறு இழுக்க வேண்டும், அது பரவாயில்லை. கை நழுவினால் மெஷின் கீழே வரும் என்பது மட்டும் மாறவில்லை.

செயின் பிளாக்கில் அந்தப் பயம் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் இன்ஜின் தூக்குவார்களே, அதுதான். சங்கிலியை விட்டுவிட்டாலும் உள்ளிருக்கும் பிரேக் சுமையை அந்தரத்திலேயே நிறுத்திவைக்கும். பெடல் திறப்பின் விளிம்பில் இடித்தால் நின்று நிதானமாகத் திருப்பிக்கொள்ளலாம். முழு மெஷினையும் ஏற்றியே தீருவேன் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் பிளாக்கே 10 கிலோ இருக்கும். மேல் கொக்கிக்கும் கீழ் கொக்கிக்கும் நடுவே ஓர் அடியாவது போய்விடும், அதற்குக் கீழே மெஷினைக் கட்டிய பட்டை வேறு. தாழ்ந்த கூரையில் மெஷின் சிலிங் மட்டத்தைத் தாண்டாமல் பாதியிலேயே நின்றுவிடும். உயரத்தை அளந்துவிட்டு வாங்குங்கள்.

மோட்டார் கம்பியைச் சுருட்டித் தூக்கும் மின்சார ஹாய்ஸ்ட், ஒரு மெஷினுக்கு வீண் செலவு. அட்டையில் 200 கிலோ என்று பெரிசாய்ப் போட்டிருந்தாலும், கம்பியை இரட்டையாக்கினால்தான் அந்தக் கணக்கு. ஒற்றைக் கம்பிக்கு வழக்கமாக 100தான்.

எதை வாங்கினாலும் மாட்டுவது எங்கே? ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் மாடித் தளத்திலேயே திறப்பு விட்டு, கெட்டி மர உத்திரத்தில் கட்டிச் சாமான் ஏற்றினார்கள். புதுத் தாமான் (குடியிருப்பு) வீடுகளில் கூரையைத் தாங்குவது மெல்லிய இரும்புச் சட்டம். ஓட்டின் பாரம் பரவலாய் இறங்கும் என்று கணக்குப் போட்டுச் செய்தது அது. ஒரே இடத்தில் 80 கிலோவைத் தொங்கவிட அல்ல. அந்த வீடுகளில் மெஷின் கீழேயே இருக்கட்டும்.

மர உத்திரம் உள்ளவர்களுக்கும் நான் முதலில் சொல்வது ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர். பெல்ட்டைக் கழற்றி, தலையை, அதாவது பலகைக்கு மேலே உள்ள தைக்கும் பகுதியை, பின்பக்கம் சாய்த்து, கீல் அருகே இரண்டு திருகுகளைத் தளர்த்தினால் தலை தனியே வந்துவிடும், ஏறத்தாழ 15 கிலோ. பலகை தனி, கால் தனி. அப்புறம் நாலு இழைக் கப்பியே தாராளம். தலைக்கு 4 கிலோ இழுப்பு போதும். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முதல்நாள் இரவே எண்ணெய் விட்டுவைத்து, ஓடு சூடேறுமுன் காலையிலேயே ஏற்றுங்கள். திறப்புக்கு நேர் கீழே யாரும் நிற்கக்கூடாது, கயிறு இழுப்பவரும்கூட.