டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ்: ட்ராக்கில் எது தாங்கும், எது கொதிக்கும்?

எந்த கியர்பாக்ஸ் எத்தனை மில்லி நொடியில் கியர் மாற்றுகிறது என்று விளம்பரங்களில் அடித்துக்கொள்கிறார்கள். ட்ராக்கில் காரைப் பிழிந்து எடுப்பவருக்கு அந்த எண்ணால் பெரிய பிரயோஜனம் இல்லை. முதல் சுற்றில் விழுந்த மாதிரியே பத்தாவது சுற்றிலும் கியர் விழுகிறதா என்பதுதான் அவர் கவலை.

நண்பர் ஒருவரின் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இதைப் பார்த்தேன். டூயல் கிளட்ச் கார் (ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று), கியர்பாக்ஸில் கம்பெனி கொடுத்த கூலரைத் தவிர வேறெதுவும் கிடையாது. பிட்டிலிருந்து (ட்ராக் ஓரத்தில் கார் நிறுத்தும் இடம்) கிளம்பும்போது கியர் ஆயில் 88 டிகிரி. ஐந்தாவது சுற்றில் 115. எட்டாவது சுற்றில் 130ஐத் தாண்டியதும் இரண்டாவது கியருக்கு இறங்கும்போது ஒரு இடி, அப்புறம் திரையில் மஞ்சள் எச்சரிக்கை, அதோடு கார் பாதி சக்தியில் ஊர்ந்து வந்தது. வாரக் கடைசியில் ஆயிலை இறக்கினோம். தேன் நிறத்தில் போன எண்ணெய் கரும்பழுப்பாக வந்தது, தீய்ந்த வாடை வேறு. வடிகால் போல்ட்டின் காந்தத்தில் கண்மை அப்பின மாதிரி சாம்பல் நிறப் பசை. விரலில் தேய்த்தால் வழவழப்பு, துகள் எதுவும் தட்டுப்படவில்லை, அதனால் பல் உடையவில்லை என்று நிம்மதி.

சூடு எங்கிருந்து வருகிறது என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. கியர் மாறும்போது கிளட்ச் உரசுவதுதான் காரணம் என்பார்கள். கணக்குப் போட்டால் வேறு மாதிரி வருகிறது. 1600 கிலோ காரை நின்ற இடத்திலிருந்து 50 கி.மீ. வேகத்துக்குக் கிளட்ச்சை வழுக்கவிட்டே இழுத்தால், கார் பெறும் இயக்க ஆற்றல் சுமார் 150 கிலோஜூல். ஏறக்குறைய அதே அளவு வெப்பம் கிளட்ச்சிலும் விழும். தட்டுகளில் 3 கிலோ எஃகு என்று வைத்தால் இப்படி ஒரே கிளம்பலில் 100 டிகிரி எகிறிவிடும். ஓட்டத்தின் நடுவில் நடக்கும் கியர் மாற்றம் ஒவ்வொன்றும் இதில் ஒரு சின்னப் பங்குதான். ட்ராக்கில் ஆளைக் கொல்வது வேறு: பற்கள் ஒன்றோடொன்று உரசுவது, அவை எண்ணெயைக் கடைவது, ஹைட்ராலிக் பம்ப், அப்புறம் அடுத்த கியரைத் தயாராக வைத்துக்கொண்டு திறந்த நிலையில் சுழலும் இன்னொரு கிளட்ச்சின் இழுவை. 300 கிலோவாட் எஞ்சினில் 4 சதவீதம் இப்படிப் போனால், முழு ஆக்சிலரேட்டரில் 12 கிலோவாட் சூடு. ஒரு சுற்றின் சராசரி அதில் பாதி என்று பிடித்து, 8 லிட்டர் ஆயிலும் 100 கிலோ உலோகமும் சேர்ந்து அதைக் குடிக்கின்றன என்று வைத்தால், வெளியே போக வழியில்லாதபோது நிமிடத்துக்கு 5 டிகிரி ஏறும். நண்பர் காரின் கூலர் கொஞ்சத்தை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது, அதனால்தான் எட்டு சுற்று வரை இழுத்தது.

டிரை கிளட்ச்சா (எண்ணெய் படாதது) வெட் கிளட்ச்சா (எண்ணெயில் குளிப்பது) என்பதை ஒரே வரியில் முடித்துவிடலாம். ஃபோக்ஸ்வாகனின் ஏழு கியர் டிக்யூ200 போன்ற டிரை கிளட்ச் 250 நியூட்டன் மீட்டர் டார்க் வரைக்கும் சின்னக் கார்களுக்கு ஏற்றது, ட்ராக் பேச்சில் அதற்கு இடமில்லை.

வெட் கிளட்ச்சுக்குள் வந்தால், ஒரே ஆயிலா இரண்டு ஆயிலா என்பது எனக்கு முக்கியமான வித்தியாசம். 2007இல் வந்த நிஸ்ஸான் ஜிடி-ஆர் ஆர்35இல் ஆறு கியர் பெட்டி பின்பக்கம் இருக்கிறது, கிளட்ச்சும் பற்களும் ஒரே எண்ணெயில்தான் குளிக்கின்றன. கிளட்ச்சுக்குச் சீரான உராய்வு தரும் எண்ணெய் வேண்டும், பற்களுக்கோ உராய்வைத் தடுக்கிற, அழுத்தம் தாங்குகிற எண்ணெய் வேண்டும். ஒரே எண்ணெயில் இரண்டையும் சமாளிக்க வேண்டியிருப்பதால், கிளட்ச் உதிர்க்கும் தூள் பல்லுக்கும் போகிறது, எண்ணெயைத் திறந்து மூடும் சோலனாய்டு வால்வுகளுக்கும் போகிறது. போர்ஷேயின் டூயல் கிளட்ச் பெட்டியான பிடிகேயில் கிளட்ச், ஹைட்ராலிக் பக்கத்துக்கு ஓர் எண்ணெய், பற்களுக்குத் தனி கியர் ஆயில். எடையும் சிக்கலும் கூடுகின்றன, ஆனால் ஒரு பக்கத்து அழுக்கு மறுபக்கம் போகாது. பிடிகே ஒன்றும் நேற்று முளைத்ததல்ல, 1980களில் 962 பந்தயக் காரிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு 2008இல்தான் 911க்குக் கொண்டுவந்தார்கள். 2013இல் 991 தலைமுறை 911 ஜிடி3க்கு வேறு கியர்பாக்ஸே கொடுக்காத அளவுக்குத் தைரியம் வந்துவிட்டது. அடுத்த தலைமுறையான 992 ஜிடி3யில் எட்டு கியர் பெட்டி தயாராக இருந்தும் எடைக்காக ஏழு கியரையே வைத்தார்கள். அதே காரில் மேனுவல் 17 கிலோ குறைவு, ஆனால் சூட்டைப் பற்றி மட்டும் பேசினால் எனக்கு அந்த 17 கிலோ பொருட்டில்லை.

எதிர் உதாரணம் மிட்சுபிஷி லான்சர் எவோ 10. ஓட்ட அருமையான டூயல் கிளட்ச் பெட்டி, கெட்ராக் கம்பெனி செய்தது. கடுமையாக ஓட்டினால் திரையில் 'மெதுவாகப் போ' என்று கார் கெஞ்சும். கெஞ்சியதும் மரியாதையாக அடங்கிவிட்டால் பெட்டி பிழைக்கும், பிடிவாதம் பிடித்தால் பில் எகிறும்.

கூலருக்கு வருவோம், இதில்தான் பேச வேண்டியது நிறைய. எஞ்சின் கூலன்ட்டோடு வெப்பம் மாற்றும் கூலர் சின்னதாக இருக்கும், குளிரில் ஆயிலைச் சீக்கிரம் சூடாக்கியும் கொடுக்கும். ஆனால் ட்ராக்கில் கூலன்ட்டே 100 டிகிரியில் நிற்கும்போது, 115 டிகிரி ஆயில் அதனிடம் எவ்வளவுதான் தள்ளிவிட முடியும்? இடைவெளி 15 டிகிரிதான். காற்றில் குளிரும் கூலருக்கு வெளிக்காற்று 35 டிகிரி என்றால் இடைவெளி 80. அதற்காகக் காற்றுதான் ராஜா என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காற்று வருகிற இடத்தில் மாட்ட வேண்டும், நீளமான குழாய்கள், கல் பட்டால் ஓட்டை, பிட்டில் நின்றதும் காற்றே கிடையாது. என் மனசுக்குப் பிடித்தது மூன்றாவது வழி: எஞ்சின் கூலன்ட்டோடு கலக்காத, தன் ரேடியேட்டரோடு வரும் தனி குறைவெப்பச் சுற்று. பம்ப் ஒன்று கூடும், இடமும் அடைக்கும், ஆனால் நின்றாலும் ஓடினாலும் குளிரும்.

ஆர்35 வைத்திருப்பவர்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று கூடுதல் கூலர் மாட்டுவதுதான், எனக்கும் அது சரி என்றே படுகிறது. ஆனால் கூலரைப் போட்டுவிட்டுக் குதிரைசக்தியையும் ஏற்றினால் கூலரால் ஆகாது, கிளட்ச் தட்டுகளையும் மாற்ற வேண்டும். கார்வெட் சி8இல் டிரெமெக் கம்பெனியின் எட்டு கியர் டூயல் கிளட்ச் பெட்டிதான், மேனுவலே கிடையாது. கூடக் காசு கொடுத்து வாங்கும் இசட்51 பேக்கேஜில் கூடுதல் குளிரூட்டலும் வருகிறது, அது இல்லாத சி8ஐ ட்ராக்குக்குக் கொண்டுபோவதில் எனக்குச் சம்மதமில்லை. முதல் ஃபில்டரை 7,500 மைலிலேயே மாற்றச் சொல்கிறார்கள், புதுசில் கழன்று வரும் துகள் எங்கே போகும் என்று யோசித்திருக்கிறார்கள்.

சரி, இவ்வளவு தொல்லை இருந்தால் பந்தயக் கார்கள் என்ன செய்கின்றன? பெரும்பாலும் டூயல் கிளட்ச்சையே விட்டுவிடுகின்றன. 911 ஜிடி3 கப் காரிலும் கார்வெட் சி8.ஆரிலும் ஆறு கியர் சீக்வென்ஷியல் பெட்டி (கியர்கள் வரிசையாகத்தான் மாறும்), ஒற்றை கிளட்ச், வேகத்தைச் சமன் செய்யும் சிங்க்ரோ இல்லாமல் நேரடியாகக் கொக்கி போடும் டாக் பற்கள். திறந்து சுழலும் இன்னொரு கிளட்ச் இல்லை, எடை குறைவு. ஆனால் அதைக் குறித்த மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்து உதிரிகளை மாற்றியே ஆக வேண்டும், சாலையில் ஓட்டினால் சத்தமும் இடியும் தலைவலி. டூயல் கிளட்ச்சோடு பந்தயத்துக்கு வந்தவையும் உண்டு: போர்ஷே கேமன் ஜிடி4 கிளப்ஸ்போர்ட் பிடிகேயோடு ஓடுகிறது, முதல் தலைமுறை ஆடி ஆர்எஸ்3 எல்எம்எஸ் காரில் டூயல் கிளட்ச், சீக்வென்ஷியல் இரண்டில் எது வேண்டுமோ எடுக்க முடிந்தது. பிஎம்டபிள்யூ வேறு திசையில் போய்விட்டது: எம்4 ஜிடி4 முதலில் டூயல் கிளட்ச்சோடு வந்தது, அடுத்த தலைமுறை, எஞ்சின் சக்தியைத் திரவம் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்குக்கு மாறிவிட்டது. கிளம்பும்போது வழுக்குவது கன்வெர்ட்டரில் திரவத்துக்குள்ளேயே நடக்கிறது, உராயும் தட்டு எதுவும் தேயாது. கியர் இறங்கும்போது டூயல் கிளட்ச் தரும் அந்தக் கூர்மை கொஞ்சம் மழுங்கும், தாங்கும் சக்தியில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

வாரம் முழுக்கச் சாலையிலும் மாதத்துக்கு ஒருமுறை ட்ராக்கிலும் ஓட்டுகிறவருக்கு நான் முதலில் பிடிகேயைத்தான் சொல்வேன், அடுத்து இசட்51 போட்ட சி8. ஆர்35 என்றால் கூலருக்கும் ஆயிலுக்கும் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள். பழைய எவோ 10 வாங்கப் போகிறவர், விற்பவர் சொல்லும் கிலோமீட்டரைப் பார்க்காமல் ஆயில் மாற்றிய பில்லைக் கேளுங்கள், பில் இல்லையென்றால் வடிகால் போல்ட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.