சிறுவாணித் தண்ணீர்: ஒரு கோவைக்காரனின் மதிப்புரை

எங்கள் வீட்டில் இரண்டு குழாய். போர்வெல் தண்ணீரில் துவரம்பருப்பு நாலு விசிலுக்கும் அசையாது. சிறுவாணியில் ரெண்டே விசிலில் குழைந்துவிடும். காபியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவமும் இல்லை.

இத்தனைக்கும் இந்தத் தண்ணீர் வரும் சிறுவாணி அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். 1973இல் இரு மாநிலங்களும் போட்ட ஒப்பந்தப்படி, 99 ஆண்டுகளுக்கு வருடம் 1.3 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி) நமக்கு. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வருகிறது.

குறை? மழை பொய்த்தால் குழாயும் பொய்க்கும். போன கோடையில் ஒன்பது நாள் காத்திருந்து, நடுராத்திரி ரெண்டு மணிக்குக் குடம் பிடித்தேன். அணையில் எத்தனை அடி தேக்கலாம் என்பதில் இரு மாநிலத்துக்கும் இழுபறி வேறு. சரி, சுவைக்கு ஐந்து நட்சத்திரம், நேரம் தவறாமைக்கு இரண்டு.