உயில் எழுதாத அப்பாவின் வீடு: விற்பதா, விட்டுக்கொடுப்பதா, பிரிப்பதா?

மதுரை சிம்மக்கல் பக்கம் மூன்று சென்டில் ஒரு பழைய வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டியது. 1998-இல் அவர் காலமானார், உயில் கிடையாது. பிள்ளைகள் நால்வர். அண்ணன் இன்றும் அதே வீட்டில் குடியிருக்கிறார். அக்கா கோயம்புத்தூரில். அடுத்த தம்பி 2009-இல் இறந்துபோனார். அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் திருப்பூரில். கடைசித் தம்பி சிங்கப்பூரில். அம்மா 2014-இல் போனார். பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு எல்லாம் இன்னமும் அப்பா பெயரில்தான். இன்றைய விலை 1.2 கோடி.

குடும்பம் கற்பனை. ஆனால் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு இப்படி ஒரு வீடு இருக்கிறது. "அம்மா இருக்கிற வரைக்கும் வேண்டாம்" என்று தள்ளிப்போட்டு, அம்மா போன பிறகு யார் முதலில் பேச்சை எடுப்பது என்ற தயக்கத்தில் இன்னும் சில வருடம் ஓடியிருக்கும். அதற்குள் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் ஆறு பேர் ஆகியிருப்பார்கள். எந்த வழியில் தீர்ப்பது என்று பார்க்கும் முன்னால் யாருக்கு எவ்வளவு என்பது தெரிந்தாக வேண்டும். அங்கேதான் பாதிச் சண்டை.

பங்குக் கணக்கு

"நாலு பிள்ளை, நாலு பங்கு, ஆளுக்கு முப்பது லட்சம்" என்றுதான் வீட்டில் பேசிக்கொள்வார்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் போடும் கணக்கு வேறு. (கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு விதிகளே வேறு.)

அப்பா இறந்த அன்று வீடு ஐந்து பங்கு: அம்மாவுக்கு ஒன்று, பிள்ளைகள் நால்வருக்கும் ஆளுக்கொன்று. 2009-இல் தம்பி இறந்ததும் அவருடைய ஐந்தில் ஒரு பங்கு அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், கூடவே அவருடைய அம்மா என்று நான்காகப் பிரிகிறது. மகன் சொத்தில் தாய்க்கும் முதல் வகுப்பு வாரிசு உரிமை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆக அம்மாவின் கையில் மொத்தம் கால் பங்கு. 2014-இல் அம்மா போனபோது அந்தக் கால் பங்கு உயிரோடிருக்கும் மூன்று பிள்ளைகளுக்கும், இறந்த மகனின் பிள்ளைகளுக்கும் நான்காகப் போகிறது. மகன் முன்பே இறந்துவிட்டதால் மருமகளுக்கு மாமியார் சொத்தில் பங்கில்லை.

கூட்டிப் பார்த்தால் அண்ணன், அக்கா, கடைசித் தம்பிக்கு ஆளுக்கு 80-இல் 21. இறந்த தம்பியின் குடும்பத்துக்கு மூவருக்கும் சேர்த்து 80-இல் 17. ரூபாயில் சொன்னால் அவர்களுக்கு 25.5 லட்சம், மற்றவர்களுக்கு 31.5 லட்சம். நாலு சம பங்கு என்று பேசியதற்கும் இதற்கும் அந்தக் குடும்பத்துக்கு 4.5 லட்சம் வித்தியாசம். பேசி, சமமாகவே கொடுத்துவிடலாம், சட்டம் தடுக்கவில்லை. நான் கேட்டால் அப்படித்தான் கொடுக்கச் சொல்வேன். ஆனால் தெரிந்து கொடுப்பது வேறு, கையெழுத்து நாளில் யாரோ ஒரு வக்கீல் சொல்லித் தெரிந்துகொண்டு முகம் மாறுவது வேறு.

அக்கா விஷயத்திலும் ஒரு பழைய பேச்சு வரும்: "அவளுக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டாச்சே." நகை போட்டது பங்கை எழுதிக்கொடுத்ததாக ஆகாது. அப்பா உயிரோடிருக்கும்போதே வருங்காலப் பங்கை விட்டுத்தருவதாக வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வைத்திருந்தாலும் பொதுவாக அது நிற்காது. குடியிருக்கும் வீட்டைப் பிரிக்கச் சொல்லி மகள் கேட்க முடியாது என்றிருந்த பழைய பிரிவையும் 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது.

வெளியாளுக்கு விற்பதா, அண்ணனே வாங்கிக்கொள்வதா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். மற்ற வழிகள் எல்லாம் இவை இரண்டும் கைகூடாதபோது வருபவை.

அண்ணன் வாங்கிக்கொள்வது என்றால் மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தருவது. செலவில் இதை அடிக்க ஆளில்லை. 2023 ஜூலையில் கட்டணம் உயர்ந்த பிறகும் குடும்பத்துக்குள்ளான விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. ஐந்து பேரும் தனித்தனியாக எழுதிக்கொடுத்தாலும் இரண்டரை லட்சத்தைத் தாண்டாது. அதே வீட்டை வெளியாள் கிரையம் வாங்கினால் முத்திரைத் தீர்வை 7, பதிவு 2, ஆக 9 சதவீதம்: 10.8 லட்சம். அதை வாங்குபவர்தான் கட்டுவார் என்றாலும் விலை பேசும்போது மனதில் கழித்துக்கொண்டுதான் பேசுவார்.

ஒரு எச்சரிக்கை. "குடும்பத்துக்குள்" என்ற சலுகை அண்ணன் தங்கைக்குள் சிக்கலின்றிப் போகும். தம்பி மனைவியும் தம்பி பிள்ளைகளும் எழுதிக்கொடுக்கும் இடத்தில் சார்பதிவாளர் அதை எப்படிப் பார்ப்பார் என்று வரைவைக் காட்டி முன்னாலேயே கேட்டுவிடுங்கள். முத்திரைத்தாள் வாங்கிய பிறகு கேட்பது வீண் செலவு.

சரி, அண்ணனிடம் 90 லட்சம் இருக்கிறதா? விடுதலைப் பத்திரத்தை வைத்து வீட்டுக்கடன் தரப் பல வங்கிகள் தயங்கும். கிரையமாக எழுதி வாருங்கள் என்பார்கள். எழுதினால் மலிவு என்ற ஆதாயம் அங்கேயே போய்விடும். அப்போது வழக்கமாக ஒரு யோசனை எழும்: "இப்போது எழுதிக் கொடுத்துவிடுங்கள், பணத்தை மூன்று வருடத்தில் தந்துவிடுகிறேன்." பத்திரத்தில் "தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்ற வரி இருக்கும், பணம் இருக்காது. இதற்கு ஒப்புக்கொள்ளவே கூடாது. டி.டி. எண்ணோ வங்கிப் பரிமாற்ற எண்ணோ பத்திரத்தில் ஏறினால் மட்டுமே கையெழுத்து. கூடப்பிறந்தவர் என்பதால் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். பத்திர எழுத்தரைச் சொல்ல வையுங்கள், அவருக்குப் பழக்கம்.

அண்ணன் தரப்பு நியாயமும் உண்டு. அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார், மொட்டைமாடித் தட்டோடு மாற்றினார், வரி கட்டினார். மறுபக்கம், இத்தனை வருடம் வாடகை தராமல் இருந்திருக்கிறார். இரண்டையும் கறாராகக் கணக்கிட உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. ரசீது உள்ள பெரிய வேலைகளை மட்டும் மொத்த விலையில் கழித்துவிட்டு, வாடகைப் பேச்சை எடுக்காமல் விடுவதுதான் வீட்டுக்கு நல்லது.

வெளியாளுக்கு விற்பதில் விலை கூடுதலாகக் கிடைக்கும், யாரும் யாருக்கும் கடன்பட வேண்டாம். ஆனால் ஆறு கையெழுத்தும் வேண்டும், அதுவும் தொடக்கத்திலிருந்தே. தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும் என்பதால், அட்வான்ஸ் வாங்கும் நாளிலேயே ஆறு பேரும் இருக்க வேண்டும். சிங்கப்பூர்த் தம்பி வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று பவர் (தன் சார்பில் கையெழுத்துப் போட இன்னொருவருக்குத் தரும் அதிகாரப் பத்திரம்) அனுப்பலாம். இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். இறந்த தம்பியின் இளைய பிள்ளைக்குப் பதினெட்டு நிரம்பவில்லை என்றால் தாய் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது. நீதிமன்ற அனுமதி முன்னதாக வேண்டும். அனுமதியில்லாமல் விற்றால், பிள்ளை வயதுக்கு வந்து மூன்று வருடத்துக்குள் அந்த விற்பனையை எதிர்த்து வழக்குப் போடலாம். விவரம் தெரிந்த வாங்குபவர் இதைக் கேட்காமல் அட்வான்ஸ் தர மாட்டார். விடுதலைப் பத்திரத்துக்கும் இதே நிபந்தனைதான்.

இந்தக் கையெழுத்துகளுக்கு முன் செய்ய வேண்டிய காகித வேலை இரண்டு வழிக்கும் பொது. மூன்று மரணம், ஆகவே மூன்று இறப்புச் சான்று, மூன்று வாரிசு சான்றிதழ். வட்டாட்சியரிடம் இ-சேவை மூலம் விண்ணப்பிக்கலாம். அப்புறம் பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றுவது. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால் 1998-க்குப் பிறகு ஒன்றுமே இருக்காது; வாரிசாக வருவது பதிவாவதில்லை என்பதால் அது இயல்புதான். மூலப்பத்திரம் யார் பீரோவில் இருக்கிறது என்பதை முதல் நாளே கேளுங்கள். தொலைந்திருந்தால் காவல்துறைச் சான்று, பத்திரிகை விளம்பரம் என்று ஒரு தனிச் சுற்று இருக்கிறது.

வரியும் ஏறக்குறைய பொதுதான். பணம் வாங்கிக்கொண்டு பங்கை விட்டுத்தந்தாலும் அது வரிக்கு உட்பட்ட மூலதன ஆதாயம்தான் (சொத்தை விற்றதில் வரும் லாபம்), "விடுதலை" என்று பெயர் வைத்ததால் தப்பாது. 2024 ஜூலை 23-க்கு முன் வந்த சொத்து என்பதால் இந்தியாவில் வசிப்பவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: பணவீக்கக் கணக்கு (அடக்க விலையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக்கொள்வது) இல்லாமல் 12.5 சதவீதம், அல்லது அந்தக் கணக்கோடு 20 சதவீதம். அடக்க விலையாக 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அந்த மதிப்புதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அது 12 லட்சம் என்றால் முழு வீட்டுக்கும் முதல் வழியில் வரி 13.5 லட்சம், இரண்டாவதில் (2025-26-க்கான பணவீக்கக் குறியீடு 376) ஏறக்குறைய 15 லட்சம். 20 லட்சம் என்றால் முதல் வழியில் 12.5 லட்சம், இரண்டாவதில் 9 லட்சத்துக்கும் கீழே. ஒரு பதிவு பெற்ற மதிப்பீட்டாளருக்குக் கொடுக்கும் சில ஆயிரங்கள் வீண் போகாது. வேறு வீடு வாங்கியோ, ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட அரசு நிறுவனப் பத்திரங்களில் போட்டோ வரியைத் தவிர்க்கவும் வழியுண்டு.

சிங்கப்பூர்த் தம்பிக்கு அந்த 20 சதவீத வழி இல்லை. போதாததற்கு, வாங்குபவர் அவர் பங்கில் வரியைப் பிடித்துக்கொண்டுதான் தர வேண்டும். மற்றவர்களுக்கு 1 சதவீதம் பிடித்தால் போதும், இவருக்கு 12.5-உம் அதற்கு மேலும், பெரும்பாலும் முழுத் தொகையின் மீது. குறைவாகப் பிடிக்க வருமான வரித்துறையிடம் சான்று வாங்கலாம், அதற்கு நேரம் பிடிக்கும். அண்ணனே வாங்கினாலும் தம்பிக்குத் தரும் பணத்தில் இந்தப் பிடித்தம் உண்டு. "அண்ணனுக்கு எதற்கு டி.டி.எஸ்." என்று விட்டுவிட்டால் நோட்டீஸ் வருவது அண்ணனுக்கு.

பாகப்பிரிவினையும் பில்டரும்

மூன்று சென்ட் என்பது ஏறக்குறைய 1,300 சதுர அடி. முகப்பு 26 அடி என்றால் நாலாகப் பிரித்தால் ஆளுக்கு ஆறரை அடி அகலம். ஒரு ஆட்டோ நிறுத்தலாம். பாகப்பிரிவினைப் பத்திரத்துக்குக் கட்டணம் குறைவுதான், ஒரு பங்குக்கு அதே 40,000, 10,000 உச்சம். ஆனால் அது வயலுக்கும் பெரிய மனைக்கும் பொருந்துகிற வழி. காரைக்குடிப் பக்கம் பெரிய வீடுகளில் அறை அறையாகப் பங்கு பிரித்து, யாரும் குடியில்லாமல், கடைசியில் கதவும் தூணும் பழம்பொருள் கடைக்குப் போவதைப் பார்த்தவர்கள் இதை எளிதாகச் சிபாரிசு செய்ய மாட்டார்கள். குடும்பத்துக்கு இன்னொரு மனையோ நிலமோ இருந்து, வீடு ஒருவருக்கு, நிலம் ஒருவருக்கு என்று மாற்றிக்கொள்ள முடிந்தால் மட்டும் இதற்கு உயிர் உண்டு.

பில்டர் வந்து "ஆளுக்கொரு ஃபிளாட்" என்பார். கேட்க இனிக்கும். மூன்று சென்டில் மொத்தமே மூன்று நாலு வீடுதான் எழும்பும், அதில் பாதி அவருக்கு. நாலு குடும்பத்துக்கு இரண்டு வீட்டை எப்படிப் பிரிப்பது? 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட மனை ரெரா (கட்டுமானத் திட்டங்களுக்கான ஒழுங்குமுறை ஆணையம்) பதிவுக்குள்ளும் வராது. அவருக்குக் கொடுக்கும் பவர் நம் கையை விட்டுப் போய்விடும். பத்து சென்டுக்கு மேல் இருந்தால் பேசலாம். இங்கே வேண்டாம்.

வழக்கு

யாராவது ஒருவர் அசையவே மறுத்தால் மிஞ்சுவது பாகவழக்கு. முதனிலைத் தீர்ப்பில் பங்கு எவ்வளவு என்று சொல்வார்கள். அதன் பிறகு நீதிமன்றம் அனுப்பும் வக்கீல் ஆணையர் வந்து அளந்து, பிரிக்க முடியாது என்று அறிக்கை தந்து, இறுதித் தீர்ப்பு. பிரிக்க முடியாத சொத்தை விற்கச் சொல்ல 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆக, வருடக்கணக்கில் அலைந்து வந்து சேரும் இடமும் விற்பனைதான், வக்கீல் செலவு போக.

ஆனாலும் வழக்கறிஞர் நோட்டீஸ் ஒன்றுக்குப் பயன் உண்டு. பதினைந்து தீபாவளியில் பேசாததை ஒரு பதிவுத் தபால் பேச வைக்கும். அங்கிருந்து நேராக மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் மக்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே ஒத்துக்கொண்டு எழுதியது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

புரோக்கர்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: "உங்கள் பங்கை மட்டும் எங்களிடம் தள்ளிவிடுங்கள்." பிரிபடாத குடியிருப்பு வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள் உள்ளே வந்து கூட்டாகக் குடியிருக்கச் சட்டம் இடம் தராது, அவர் பிரிக்கச் சொல்லி வழக்குப் போட்டால் அந்தப் பங்கைக் குடும்பத்தாரே மதிப்புக்கு வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். அதனால்தான் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள்.

இந்த மதுரை வீட்டுக்கு என் சிபாரிசு: இரண்டு மதிப்பீட்டாளர்களை வைத்து விலையை முடிவு செய்து, அந்த விலைக்கு வாங்க அண்ணனுக்கு ஆறு மாத அவகாசம். ஏழாவது மாதம் முதல் வெளியாளுக்கு விற்கலாம், அண்ணன் உட்பட எல்லோரும் கையெழுத்துப் போடுவது என்று இப்போதே எழுதிக்கொள்வது. அந்த ஆறு மாதத்தில் வாரிசு சான்றிதழ், பட்டா மாற்றம், சிங்கப்பூர்த் தம்பியின் வரிச் சான்று, இறந்த தம்பியின் இளைய பிள்ளைக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால் நீதிமன்ற அனுமதி ஆகிய வேலைகளைத் தொடங்கிவிடலாம். யார் வாங்கினாலும் இவை தேவைப்படும். செலவை 21, 21, 21, 17 என்ற கணக்கிலேயே போட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் நாலு சம பங்கு என்று ஒத்துக்கொண்டால் அதையும் சரிக்கட்டிவிடலாம்.