டிக், டெல்வ், டிரில், ஸோன்மாஸ்டர், டிஎன்எஸ்விஸ்: எதை எப்போது நம்புவது?

ஒரு டொமைனின் டிஎன்எஸ், அதாவது பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் அமைப்பு, சரியாக இருக்கிறதா என்று கேட்டால், பலரும் டிஎன்எஸ் கேள்விகளைக் கேட்கும் டிக் கட்டளையை ஓட்டிப் பார்க்கிறார்கள். ஐபி முகவரி வந்துவிட்டால் சரி என்று முடித்துவிடுகிறார்கள். டிஎன்எஸ்செக் (விடைகளுக்குக் கையொப்பமிடும் முறை) போட்ட டொமைன் என்றால் விடையின் தலைப்பகுதியில் ஏடி கொடி ('சரிபார்த்துவிட்டேன்' என்னும் குறி) இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இதை நலச் சான்றாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாது. அந்த டொமைனுக்கு நான்கு பெயர்ச் சர்வர்கள் (அதன் பதிவுகளை வைத்திருந்து விடை சொல்பவை) இருந்தால், அவற்றில் ஏதோ ஒன்றிடம் சற்று முன்போ நேற்றோ வாங்கிக் கேஷில் வைத்திருந்ததை, நமக்காகத் தேடித் தரும் ரிசால்வர் எடுத்துக் கொடுத்திருக்கிறது. மற்ற மூன்றின் நிலை நமக்குத் தெரியவே இல்லை.

கருவிகளை ஒப்பிடும்போது நான் இரண்டு கேள்விகளைத்தான் முன்னால் வைப்பேன். கருவி யாரிடம் கேட்கிறது? கையொப்பத்தை யார் சரிபார்ப்பது? வண்ண வெளியீடு, வேகம், குறுகிய கட்டளைகள் எல்லாம் அதற்குப் பிறகு.

டிக்கும் டெல்வும்

இரண்டும் ஐஎஸ்சி அமைப்பு வெளியிடும் பைண்ட் என்னும் டிஎன்எஸ் மென்பொருள் தொகுப்பில் வருபவை. டெல்வ் 2014-இல் பைண்ட் 9.10 உடன் வந்தது. இத்தனை ஆண்டுகளாகியும் டிக் தெரிந்தவர்களில் பலர் அதை ஒருமுறைகூட ஓட்டியதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

டிக் எதையும் சரிபார்ப்பதில்லை. +டிஎன்எஸ்செக் என்று சேர்த்தால் கையொப்பங்களான ஆர்ஆர்சிக் பதிவுகளை அப்படியே காட்டும். ஏடி கொடி ரிசால்வர் தரும் வாக்குமூலம். ரிசால்வருக்கும் நமக்கும் இடையே யாராவது அந்த ஒரு பிட்டை மாற்றினால் டிக் அதையும் நம்பி அச்சடிக்கும். டெல்வ் வேர் மண்டலத்தின் (எல்லா டொமைன்களுக்கும் மேலே இருப்பது) சாவியைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. டிஎஸ் (கீழுள்ள மண்டலத்தின் சாவிக்கு மேலுள்ள மண்டலம் தரும் அடையாளம்), டிஎன்எஸ்கீ (கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி), ஆர்ஆர்சிக் ஆகியவற்றை ரிசால்வர் வழியாக வரவழைத்து, வேரிலிருந்து டொமைன் வரை தொடரும் கையொப்பச் சங்கிலியைத் தானே கணக்கிட்டு, 'முழுதாகச் சரிபார்க்கப்பட்டது' என்றோ 'கையொப்பம் இல்லாத விடை' என்றோ சொல்லிவிடுகிறது.

வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க விரும்பினால், காம்காஸ்ட் நிறுவனம் சோதனைக்காக வேண்டுமென்றே உடைத்து வைத்திருக்கும் டிஎன்எஸ்செக்-ஃபெயில்டு.ஆர்க் டொமைனைக் கேளுங்கள். சரிபார்க்கும் ரிசால்வர் வழியாக டிக் கேட்டால் சர்வ்ஃபெயில் (விடை தர முடியவில்லை என்னும் பிழை) வரும். அதே கேள்வியை +சிடி சேர்த்து, அதாவது 'சரிபார்க்காமல் கொடு' என்று கேட்டால், முகவரி வந்துவிடும். சர்வர் உயிரோடு இருக்கிறது, கோளாறு கையொப்பச் சங்கிலியில்தான் என்பது இந்த இரண்டு வரிகளில் தெரிந்துவிடும். நள்ளிரவில் அழைப்பு வந்தால் நான் முதலில் செய்வது இதுதான். சங்கிலி எந்த இடத்தில் அறுந்தது என்பதை டெல்விடம் கேட்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: டெல்வுக்கும் +சிடி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நடுவிலுள்ள ரிசால்வரே கெட்ட விடையைத் தடுத்துவிடும், அலசுவதற்கு டெல்வின் கையில் ஒன்றும் இருக்காது.

டிக்கை யாரும் கழற்றிவிட முடியாது. எந்தச் சர்வரையும் பெயர் சொல்லி நேராகக் கேட்பதற்கு அதைவிட எளியது இல்லை. +என்எஸ்சர்ச் கொடுத்தால் ஒவ்வொரு பெயர்ச் சர்வரும் தரும் எஸ்ஓஏ பதிவு (மண்டலத்தின் தலைப்புப் பதிவு, வரிசை எண் இதில்தான்) வரிசையாக வரும். வரிசை எண் ஒன்றில் பின்தங்கியிருந்தால் மண்டலப் பிரதி அங்கே புதுப்பிக்கப்படவில்லை. +டிரேஸ் ரிசால்வரின் கேஷைத் தாண்டி வேரிலிருந்து இறங்கி வரும், கையொப்பங்களையும் காட்டும். ஆனால் சரிபார்க்காது. அந்தப் பட்டியலைப் பார்த்து 'சங்கிலி முழுமை' என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே பதிவுகள் இருப்பது மட்டும்தான் உறுதி. 2020-இல் ஆர்எஃப்சி 8914 என்னும் இணையத் தரநிலை வந்த பிறகு டிக் இன்னும் பயனுள்ளதாகிவிட்டது. இப்போதெல்லாம் நல்ல ரிசால்வர்கள் வெறும் சர்வ்ஃபெயிலோடு நிறுத்தாமல் காரண எண்ணையும் அனுப்புகின்றன. 7 என்றால் கையொப்பம் காலாவதி, 9 என்றால் பொருந்தும் டிஎன்எஸ்கீ இல்லை. பழைய டிக் பதிப்பு வைத்திருப்பவர்கள் இதற்காகவே புதுப்பிக்கலாம்.

டிரில் பற்றிச் சுருக்கமாக. என்எல்நெட் லேப்ஸின் எல்டிஎன்எஸ் நூலகத்தோடு வருவது அது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் 10-ஆம் பதிப்பில் பைண்ட் அடிப்படை அமைப்பிலிருந்து நீக்கப்பட்டபோது டிக்கின் இடத்துக்கு வந்தது. வேரிலிருந்து கீழிறங்கும் தேடலில் ஒவ்வொரு படியிலும் 'நம்பத்தக்கது', 'தன் கையொப்பம் மட்டும் பொருந்துகிறது', 'போலி' என்று ஓரெழுத்துக் குறி போடுவது அழகு. நம்பிக்கைச் சாவி, அதாவது வேர் மண்டலத்தின் சாவி, அதற்குக் கிடைக்காவிட்டால் எல்லாம் இரண்டாவது குறியோடு நின்றுவிடும், புதியவர்கள் அதைக் கோளாறு என்று நினைப்பார்கள். ஃப்ரீபிஎஸ்டியில் இருப்பவர்களுக்கு டிரில், மற்றவர்களுக்கு டெல்வ் என்பேன்.

நலம் பார்க்க வேண்டுமென்றால்

மேலே சொன்னவை எல்லாம் நாம் கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்பவை. என்ன கேட்க வேண்டும் என்பதே தெரியாதபோது ஸோன்மாஸ்டரும் டிஎன்எஸ்விஸும் தேவைப்படுகின்றன. இரண்டும் தாய் மண்டலத்தையும் (.காம் போல டொமைனுக்கு மேலே இருப்பது), டொமைனின் எல்லாப் பெயர்ச் சர்வர்களையும் தனித்தனியே கேட்கின்றன. பெரிய வேறுபாடு இங்கேதான்.

ஸோன்மாஸ்டர் பிரான்சின் அஃப்னிக்கும் ஸ்வீடன் இணைய அறக்கட்டளையும் சேர்ந்து வளர்ப்பது. இரண்டுமே நாட்டு டொமைன்களை நடத்தும் அமைப்புகள் என்பதால், பதிவு மேசையில் தினமும் பார்க்கும் கோளாறுகள் எல்லாம் அதில் சோதனைகளாக இருக்கின்றன. தாயிடமுள்ள என்எஸ் (பெயர்ச் சர்வர்) பட்டியலும் பிள்ளையிடமுள்ள பட்டியலும் ஒன்றா? ஏதாவது சர்வர் இந்த மண்டலத்தையே அறியாமல் இருக்கிறதா? டிஎன்எஸ்ஸுக்கான டிசிபி போர்ட் 53 திறந்திருக்கிறதா? எல்லாச் சர்வர்களும் ஒரே வலையமைப்பில் குவிந்து கிடக்கின்றனவா? டிஎன்எஸ்செக் அதில் ஒரு பிரிவுதான். முடிவுகள் அறிவிப்பு, எச்சரிக்கை, பிழை, நெருக்கடி என்று தரம் பிரிந்து வரும். நிரல்கள் படிக்கும் ஜேசான் வடிவிலும் கிடைக்கும் என்பதால் தினசரி தானியங்கி ஓட்டத்துக்கு ஏற்றது. பெர்ல் தொகுதிகளை ஒவ்வொன்றாக நிறுவுவது சிரமம், டாக்கர் படிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அதில் மிகப் பிடித்தது, மாற்றத்துக்கு முன்பே சோதிக்கும் வசதி. புதிய சர்வர்களின் பெயரையும், தாயிடம் கொடுக்கப்போகும் டிஎஸ் பதிவையும் கட்டளையிலேயே எழுதினால், அந்த மாற்றம் நடந்துவிட்டதாக வைத்துக்கொண்டு சோதிக்கும். தவறான டிஎஸ் தாய் மண்டலத்தில் ஏறிவிட்டால் திரும்ப எடுப்பது எளிதல்ல. .காம் மண்டலத்தில் டிஎஸ் பதிவின் ஆயுள் 86400 வினாடி. நீங்கள் நீக்கிய பிறகும் ரிசால்வர்கள் ஒரு நாள் வரை அதையே வைத்திருக்கலாம்.

டிஎன்எஸ்விஸ் பைத்தானில் எழுதப்பட்டது. டிஎன்எஸ்செக் சங்கிலியை இவ்வளவு ஆழமாகப் பார்க்கும் வேறொன்றை நான் அறியேன். எந்தச் சாவி எதைக் கையொப்பமிடுகிறது, எந்த டிஎஸ் எந்தச் சாவிக்குப் பொருந்துகிறது என்பதைப் படமாகவே வரைந்து தரும். ஒரே பதிவுக்கு இரண்டு சர்வர்கள் வெவ்வேறு விடை தந்தால் சர்வரின் முகவரியோடு சுட்டிக்காட்டும். வேலையை அது இரண்டாகப் பிரித்திருப்பதில்தான் அதன் மேன்மை இருக்கிறது. ஒரு கட்டளை விடைகளைச் சேகரித்து ஜேசான் கோப்பாக்கும், வேறு கட்டளைகள் அந்தக் கோப்பை அலசும், அச்சிடும், வரையும். சாவி மாற்றும் நாளில் ஒவ்வொரு கட்டத்துக்கு முன்னும் பின்னும் சேகரித்து வைத்தால், பிறகு தகராறு வரும்போது அந்த மணி நேரத்தில் சர்வர்கள் என்ன சொல்லின என்பதற்கு ஆதாரம் கையில் இருக்கும். ஸோன்மாஸ்டரின் எச்சரிக்கைப் பட்டியல் இந்த இடத்தில் ஈடாகாது. வலையமைப்புப் பரவல் போன்ற பொது நலக் கேள்விகளில் டிஎன்எஸ்விஸ் பின்தங்கும்.

இரண்டையும் அலுவலக ரவுட்டருக்குப் பின்னாலிருந்து ஓட்டாதீர்கள். போர்ட் 53 கேள்விகளை வழிமறித்துத் தானே விடை சொல்லும் ரவுட்டர்கள் உண்டு. அப்போது எல்லாப் பெயர்ச் சர்வர்களும் ஒரே குரலில் பேசுவதுபோல் தெரியும். ஐபிவி6 இல்லாத இடத்திலிருந்து ஓட்டினால் ஐபிவி4 மட்டும் என்று சொல்லிவிடுங்கள், இல்லையேல் பொய்ப் பிழைகள் வரும்.

இவை எட்டாத இடம்

2021 செப்டம்பர் 30 அன்று அலுவலக அரட்டைச் செயலியான ஸ்லாக் தன் டொமைனுக்கு டிஎன்எஸ்செக் இயக்கியபோது நேர்ந்த தடை இந்தக் கருவிகளின் எல்லையைக் காட்டுகிறது. டொமைனின் தலைப்பெயரில் கோளாறு இல்லை. நட்சத்திரக் குறியால் உருவாகும் துணைப்பெயர்களுக்கு ஐபிவி6 முகவரி கேட்டால், 'அது இல்லை' என்பதற்கான என்எஸ்செக் பதிவு வந்தது. அந்தப் பெயருக்கு என்னென்ன வகைப் பதிவுகள் உண்டு என்று அந்தப் பதிவு சொல்லும் பட்டியலில் ஐபிவி4 முகவரி வகையும் விடுபட்டிருந்தது. அதை அப்படியே நம்பிய ரிசால்வர்கள் இருந்த முகவரியையும் இல்லை என்று முடிவுகட்டின. பிறகு கையொப்பத்தை எடுத்தபோது, பழைய டிஎஸ்ஸைக் கேஷில் வைத்திருந்த ரிசால்வர்களில் சிக்கல் இன்னும் பெரிதாகியது. துணைப்பெயரை நாமே கொடுக்காவிட்டால் எந்த நலச் சோதனையும் அந்த இடத்துக்குப் போகாது. ஆகவே நட்சத்திரப் பதிவு வைத்திருப்பவர்கள் இல்லாத ஒரு துணைப்பெயரை எடுத்து, டிக்கில் +டிஎன்எஸ்செக் சேர்த்து, ஐபிவி4, ஐபிவி6 இரண்டு வகையும் ஒவ்வொரு பெயர்ச் சர்வரிடமும் கேட்டு, என்எஸ்செக் பட்டியலைக் கண்ணால் படிக்க வேண்டும்.

.இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் டொமைன் வைத்திருக்கும் தமிழர்களுக்கு ஒன்று: டிக், பிறமொழிப் பெயர்களைக் கையாளும் லிப்ஐடிஎன்2 நூலகத்தோடு தொகுக்கப்பட்டிருந்தால் தமிழ் எழுத்தையே ஏற்கும். இல்லாவிட்டால் அதே பெயரை ஆங்கில எழுத்துகளில் குறிக்கும், எக்ஸ்என் என்று தொடங்கும் ப்யூனிகோட் வடிவத்தைக் கொடுங்கள். தானியங்கி ஓட்டங்களில் எப்போதும் இந்த வடிவமே பாதுகாப்பு.

என் ஏற்பாடு இப்படி: ஸோன்மாஸ்டர் தினமும் ஓடட்டும், டிஎன்எஸ்விஸ் ஒவ்வொரு மாற்றத்தின் போதும் சேகரிக்கட்டும், டிக்கும் டெல்வும் கோளாறு வந்த நேரத்துக்கு. இவற்றோடு கையொப்பக் காலாவதிக்கு ஒரு தனிக் காவல் வேண்டும். பைண்டின் இயல்பான கொள்கையில் கையொப்பம் 14 நாள் செல்லும், முடிய 5 நாள் இருக்கும்போது புதுப்பிக்கப்படும். மீதம் 4 நாளுக்குக் கீழே போய்விட்டால் புதுப்பிக்கும் வேலை நின்றுவிட்டது என்று பொருள், டொமைன் விழுவதற்கு முன்பே உங்களுக்கு மணி அடிக்க வேண்டும். டெல்வைப் பழைய பதிப்பில் விட்டுவைக்கவும் கூடாது. வேர் மண்டலத்தில் 2018 முதல் கையொப்பமிட்ட சாவியின் எண் 20326. அடுத்து வருவது 38696, 2025 ஜனவரியில் மண்டலத்தில் சேர்க்கப்பட்டது, 2026 அக்டோபரில் பொறுப்பேற்பது திட்டம். அதன் பிறகு அந்தச் சாவியை அறியாத டெல்வ், நலமாக இருக்கும் டொமைன்களையும் உடைந்தவை என்றே சொல்லும்.