வார இறுதி எம்.பி.ஏ.: பொருளியல் பாடம் எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், கடைவீட்டு மாடியொன்றில் இயங்கும் கல்வி மையத்தில் வார இறுதி எம்.பி.ஏ. பயில்வோருக்கு நிர்வாகப் பொருளியல் கட்டாயப் பாடம். கணக்குக்கு அஞ்சித் தயங்கத் தேவையில்லை. வகையீட்டின் (ஒன்று மாறும்போது மற்றொன்று மாறும் வீதத்தைக் காணும் கணிதத்தின்) அடிப்படை தெரிந்தால் போதும்.

பாடத்தின் உயிர்நாடி விலை நெகிழ்ச்சிப் பகுதிதான்; அதாவது, விலை மாறும்போது தேவையும் அளிப்பும் எவ்வளவு மாறும் என்பது. பாமாயில் தரும் செம்பனைக் கன்று காய்க்க ஏறக்குறைய மூன்றாண்டுகள் ஆவதால், விலை ஏறியதும் தோட்டங்களால் விளைச்சலை உடனே பெருக்கிவிட இயலாது. விரிவுரையாளர் ஏறத்தாழச் செங்குத்தான அளிப்புக் கோட்டை வரைந்து, தேவை சற்றே நகர்ந்தாலும் விலை எவ்வளவு தாவும் என்று விளக்கியபோது, பின்வரிசையிலிருந்த சிறுதோட்டக்காரர் ஒருவர் தம் பழக்குலை விற்ற ரசீதுகளை மேசையில் பரப்பி ஒப்பிடத் தொடங்கிவிட்டார். 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா விதித்த பாமாயில் ஏற்றுமதித் தடையும் அங்கேயே அலசப்பட்டது.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,500 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 1,700 வெள்ளியாக உயர்ந்ததைப் பற்றிய விவாதமும் தரமானது. சம்பள உயர்வு வேலையைக் குறைக்கும் என்பது போட்டிச் சந்தைக் கோட்பாடு. வட்டாரத்தில் ஒரே முதலாளி மட்டுமே இருக்கையில் அவ்வாறு நேராமலும் போகலாம் என்பதை விரிவுரையாளர் வரைபடத்துடன் நிறுவினார். (தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு வரைபடமே வேண்டாம்.)

நாட்டின் பொருளாதாரத்தை முழுமையாகப் பார்க்கும் பேரியல் பொருளியல்தான் ஏமாற்றம். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் வட்டி விகித முடிவுகளை அவசரமாகத் தாண்டிச் சென்றார்கள். குறிப்பேட்டிலும் அமெரிக்க எடுத்துக்காட்டுகளே மிகுதி. கட்டணத்தைத் தவணையில் செலுத்தலாம். மறுதேர்வுக்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதால், அதைச் சேரும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.